மோட்டார்ஹோமைச் சமமாக நிறுத்துதல்: காற்றுப் பைகளிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலிடமும் கொண்ட வீட்டு வண்டி, வைத்திருப்பவர்களுக்குச் சமதரை எளிதில் வாய்ப்பதில்லை. டர்பன் நகரின் பெரும்பகுதி குன்றுகளின்மேல் ஏறி இறங்கிக் கிடக்கிறது. அங்கிருந்து என்3 நெடுஞ்சாலையில் ட்ராகன்ஸ்பெர்க் மலைகளை நோக்கிச் சென்றால், தங்குமிடம் எதுவாயினும் ஓடையை நோக்கியோ பள்ளத்தாக்கை நோக்கியோ சரிந்தே இருக்கிறது. இத்தகைய வண்டிகள் தங்கும் கேரவன் பார்க்குகளில் புல்வெளி பார்வைக்குச் சமமாகத் தோன்றினாலும், மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகவே அதில் ஒரு சாய்வு விடப்பட்டிருக்கும். பின் அச்சில் காற்றுப் பைகள் (காற்றை ஏற்றினால் வண்டியை உயர்த்தும் ரப்பர்ப் பைகள்) பொருத்திய வண்டியோடு இந்தச் சரிவுகளில் பல ஆண்டுகளாகத் தங்கி வருகிறேன். அந்த அனுபவத்தில் உறுதிப்பட்ட ஒன்றைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்: காற்று கடைசி ஓர் அங்குலத்தைச் சரிசெய்வதற்கானது, அதற்கு முந்தைய வேலை முழுவதையும் இடத்தேர்வும் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டைகளும் செய்தாக வேண்டும்.

எங்கள் வண்டி ஃபியட் டுகாட்டோ அடித்தளத்தின்மீது கட்டப்பட்டது. முன் சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங். பின் அச்சுக்கு ஸ்பிரிங் பட்டை. அந்தப் பட்டைக்கும் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) இடையில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் காற்றுப் பைகள் உள்ளன. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று, ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் இரண்டு அழுத்தமானிகள், இடப் பைக்கும் வலப் பைக்கும் தனித்தனிக் குழாய்கள். இது துணை ஏர் சஸ்பென்ஷன் (காற்றின் உதவியோடு வண்டியைத் தாங்கும் அமைப்பு) வகையைச் சேர்ந்தது; பாரத்தை முதன்மையாகச் சுமப்பது ஸ்பிரிங் பட்டை, காற்று அதற்கு உதவி செய்கிறது. முழு ஏர் சஸ்பென்ஷன் என்பது வேறு. அதில் ஸ்பிரிங் பட்டையையே எடுத்துவிட்டு, பாரம் முழுவதையும் காற்றே தாங்கும்படி செய்து, உயரத்தை உணரும் கருவிகளையும் தானியங்கி வால்வுகளையும் சேர்த்திருப்பார்கள். ஒன்றைப் பற்றிய ஆலோசனையை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவதால்தான் கேரவன் பார்க்குகளில் பாதிக் குழப்பம் வருகிறது. ஆகவே, வண்டி வாங்குபவர் முதலில் பின் சக்கரத்துக்கு அருகில் குனிந்து, ஸ்பிரிங் பட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சமமாக நிறுத்துவதில் இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் குளிர்பதனப் பெட்டியைத்தான் காட்டுவேன். எரிவாயுவிலும் மின்சாரத்திலும் இயங்கக்கூடிய பெட்டிகள் பெரும்பாலும் அம்மோனியாவையும் நீரையும் ஹைட்ரஜனையும் கொண்டு உறிஞ்சு முறையில் குளிரூட்டுபவை. அவற்றில் மோட்டாரோ பம்போ கிடையாது. சூடாக்கும்போது அம்மோனியா ஆவியாகி மேலெழுகிறது; பிறகு குளிர்ந்து திரவமாகி, தன் எடையாலேயே குழாய்களின் வழியே கீழிறங்கி வருகிறது. வண்டி சாய்ந்து நின்றால் அந்தத் திரவம் வளைவுகளில் தேங்கிவிடும். கொதிகலனுக்குத் திரும்பி வர வேண்டிய திரவம் வராமல், வெறும் குழாய் சூடாகிக்கொண்டே இருக்கும். நாளடைவில் அரிப்பைத் தடுப்பதற்காகச் சேர்த்திருக்கும் உப்பு சிதைந்து குழாயை அடைத்துவிட்டால், அந்தக் குளிரூட்டும் பகுதியையே மாற்ற வேண்டிவரும். பல பெட்டிகளுக்குப் பக்கவாட்டில் சுமார் 3 பாகை வரையிலான சாய்வே அனுமதி. துல்லியமான அளவைப் பெட்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி ஓடும்போது திரவம் குலுங்கி நகர்ந்துகொண்டே இருப்பதால் ஆபத்து குறைவு. அசையாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பதே கேடு. வீட்டுப் பெட்டியைப் போலக் கம்ப்ரஸரில் ஓடும் பெட்டி உள்ளவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ஆனால் 2022, 2023ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் ஒரு நாளில் பலமுறை மின்வெட்டு வந்தபோது, எரிவாயுவில் இயங்கிய பெட்டிதான் எங்கள் பாலையும் தயிரையும் காப்பாற்றியது. அதனாலேயே நான் அதை விடாமல் வைத்திருக்கிறேன். சமநிலைக்கும் அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன்.

மற்றவை சிறியவை, ஆயினும் அன்றாட வாழ்வைத் தொடுபவை. குளியல் தொட்டியில் நீர் வடிகாலுக்கு எதிர்ப்பக்கம் தேங்கும். தண்ணீர்த் தொட்டியின் அளவுகாட்டி பொய் சொல்லும். தோசைக்கல்லில் ஊற்றிய மாவு ஒரு பக்கமாக ஓடி, ஓர் ஓரம் கனத்து வேகாமலும் மறு ஓரம் காய்ந்து கருகியும் வரும். என் தாயார் பின்பக்கக் கட்டிலில் உறங்குபவர். தலைப்பக்கம் சற்றே தாழ்ந்திருந்தாலும் காலையில் தலை கனக்கிறது என்பார். முழங்கால் வலியுள்ள அவருக்கு, சாய்ந்த தரையில் இரவில் எழுந்து கழிப்பறைக்குச் செல்வது அச்சம் தருகிறது. வயதானவர்களோடு பயணம் செய்கிறவர்கள் குளிர்பதனப் பெட்டியைவிடவும் இதையே முதல் காரணமாகக் கொள்ளலாம்.

சரிவைக் கண்ணால் மதிப்பிடுவதை விட்டுவிட்டு எண்ணால் மதிப்பிடத் தொடங்கினால் வேலை மிகவும் எளிதாகிறது. 1 பாகை சாய்வு என்பது ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 17.5 மி.மீ. உயர வேறுபாடு. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 1.8 மீட்டர் இருந்தால், பக்கவாட்டில் 1 பாகையைச் சரிசெய்யத் தாழ்ந்த சக்கரங்களை 31 மி.மீ. உயர்த்த வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் நீண்ட டுகாட்டோவில் 4,035 மி.மீ.; அங்கே 1 பாகைக்கு 70 மி.மீ. தேவை. இப்போது காற்றுப் பையின் திறனை எண்ணிப் பாருங்கள். துணை வகைப் பையில் குறைந்த அழுத்தத்திலிருந்து கூடிய அழுத்தத்துக்குச் சென்றால் வண்டியின் பின்பக்கம் சில சென்டிமீட்டர் உயரும். அது 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், முன்பின் சாய்வில் அரைப் பாகைக்குச் சற்று மேலாகத்தான் மாறும். மலையடிவாரப் புல்வெளியின் சரிவு 3 பாகையோ 4 பாகையோ இருக்கையில் அரைப் பாகை என்ன செய்யும்? இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவர் கம்ப்ரஸர் பொத்தானைத் தேவையின்றி அழுத்திக்கொண்டிருக்க மாட்டார்.

பக்கவாட்டுச் சாய்வில் காற்றின் வரம்பு இன்னும் நுட்பமானது. அதைப் பலர் கவனிப்பதில்லை. இடப் பையில் மட்டும் காற்றை ஏற்றினால் வண்டியின் பின்பாதி வலப்புறம் சாய முயல்கிறது. ஆனால் முன் அச்சில் காற்றுப் பை இல்லை; அங்குள்ள சுருள் ஸ்பிரிங்குகளும் சாய்வைத் தடுக்கும் கம்பியும் முன்பாதியை நிலத்தின் சாய்விலேயே பிடித்து வைத்திருக்கின்றன. விளைவாக, ஏற்றிய காற்றில் ஒரு பகுதி வண்டியைச் சமப்படுத்துகிறது. மற்றொரு பகுதி சேஸிஸை முறுக்குகிறது. பைகள் இரண்டும் சக்கரங்களைவிட நெருக்கமாக, சேஸிஸ் சட்டத்துக்கு அடியில் அமைந்திருப்பதால், கணக்குப்படி 4 சென்டிமீட்டர் வேறுபாடு 2 பாகை அளவுக்குத் திருப்ப வேண்டும். நடைமுறையில் எங்கள் வண்டியில் அதில் பாதிகூடத் தேறுவதில்லை. மீதி எங்கே போகிறது என்பதை அலமாரிக் கதவுகள் சொல்லும். இரு பைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாட்டைக் கூட்டிக்கொண்டே போனால், குளியலறைக் கதவு சட்டத்தில் உரசத் தொடங்குகிறது. நீளமான உடல் கொண்ட வண்டிகளில் பலகைகளின் இணைப்புகளும் சாளரச் சட்டங்களின் பசையும் இந்த முறுக்கைத் தாங்கவேண்டியிருக்கிறது. அந்த இணைப்புகள் வழியே மழைநீர் புகுந்தால் வண்டியின் ஆயுளே குறையும். ஆகவே பக்கவாட்டில் சிறு திருத்தத்துக்கு மேல் காற்றைக் கேட்பதில்லை என்பது எங்கள் வீட்டு விதி.

இதை எனக்கு முதலில் விளங்கச் செய்தவர் என் மனைவியின் அண்ணன். அவர் டர்பனை அடுத்த பைன்டவுனில் கனரக லாரிகளைப் பழுதுபார்த்து வாழ்ந்தவர். டர்பன் துறைமுகத்துக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே ஓடும் இழுவை வண்டிகளின் காற்றுப் பைகளை நாள்தோறும் கழற்றி மாட்டியவர். "மாப்பிள்ளை, காத்துப் பை வண்டி ஓடுறதுக்குச் செஞ்சது. நிக்கிறதுக்குத் தரையைத்தான் நம்பணும்" என்றார். லாரிக்காரர்கள் சரக்கு மேடையின் உயரத்துக்கு வண்டியை ஏற்றவும் இறக்கவும் காற்றைப் பயன்படுத்துவார்கள். ஆனால் அது சில மணி நேர வேலை. ஓர் இரவு முழுவதும், அதுவும் மலைக்குளிரில், ஒரே உயரத்தில் நிற்பது வேறு கதை என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இனி நாங்கள் பின்பற்றும் முறை. இடத்துக்கு வந்ததும் உடனே வண்டியை உள்ளே செலுத்தாமல், இறங்கி நடந்து பார்க்கிறோம். புல் எங்கே பசுமையாகவும் ஈரமாகவும் இருக்கிறதோ அங்கே நீர் தேங்குகிறது என்று பொருள். அங்கே சக்கரம் இரவில் புதையும். சரிவு எந்தத் திசையில் என்று தெரிந்தபின், வண்டியின் மூக்கை மேட்டுப் பக்கமா பள்ளத்துப் பக்கமா வைப்பது என்று முடிவு செய்கிறோம். பொதுவாகச் சரிவு முன்பின்னாக அமையும்படி நிறுத்துவதையே நான் விரும்புகிறேன்; ஏனெனில் இரண்டு சக்கரங்களையும் ஒரே உயரத்துக்கு ஏற்றினால் உடல் முறுக்கப்படாமல் நிற்கும். எங்கள் வண்டியில் மூக்கு பள்ளத்தை நோக்கி இருந்தால் முன் சக்கரங்களைக் கட்டைமேல் ஏற்றுவது எளிது. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் எஞ்சிய சிறு குறையைக் காற்று நிரப்பும். சாலையோரம் நிறுத்த நேர்ந்தால் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுவதால், சாலையின் நடுமேட்டிலிருந்து ஓரத்துக்கு வரும் சாய்வு எப்போதும் வண்டியின் இடப்பக்கத்தைத் தாழ்த்தும். ஈஸ்டர் விடுமுறையில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குச் செல்லும்போது, கூட்டத்தில் சாலையோரமே கிடைக்கும் என்பதால், இடப்பக்கச் சக்கரங்களுக்கான கட்டைகளைக் கதவருகிலேயே வைத்துக்கொள்கிறோம்.

அளப்பதற்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டம் போதும். அதை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். சமையல் மேடை சில வண்டிகளில் மிகச் சிறு சாய்வோடு பொருத்தப்பட்டிருக்கும்; தரை விரிப்பும் நம்பத்தக்கதன்று. குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒருமுறை வண்டியைச் சரியாக நிறுத்திவிட்டு, அதே நிலையில் ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் ஒட்டக்கூடிய இரண்டு சிறு ரசமட்டங்களைப் பொருத்திவிட்டால், பிறகு வாழ்நாள் முழுவதும் இருக்கையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் அதே இடத்தில் பேசியை அரைச் சுற்றுத் திருப்பி வைத்து இரண்டாம் முறை அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் எதிரெதிராகச் சமமாக வந்தால் கருவி சரி. இல்லையென்றால் அதன் பூஜ்ஜியம் பிழையாக இருக்கிறது.

ரசமட்டம் பார்ப்பதற்கு முன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். 100 லிட்டர் நீர் என்பது 100 கிலோ. தொட்டி ஒரு பக்கமாக இருந்தால், சமமாக நிறுத்திய வண்டி நீர் நிரப்பியபின் மீண்டும் சாயும். இதே காரணத்தால் வெளிக்கூடாரம், மேசை, நாற்காலிகள் ஆகியவற்றையும் முதலில் இறக்கிவிடுகிறோம். பிறகு தாழ்ந்த சக்கரங்களை ஆப்பு வடிவக் கட்டைகளின்மேல் மெதுவாக ஏற்றி, கை பிரேக்கைப் போட்டு, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, அதன்பிறகே கம்ப்ரஸரைத் தொடுகிறேன். மணற்பாங்கான கடற்கரைத் தங்குமிடங்களில், எடுத்துக்காட்டாகச் செயின்ட் லூசியாப் பகுதியில், பிளாஸ்டிக் கட்டைக்கு அடியில் அகலமான பலகை ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் மறுநாள் காலை கட்டையின் பாதி மணலுக்குள் இருக்கும்.

காற்றை ஏற்றியவுடன் ரசமட்டத்தைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடக்கூடாது. கம்ப்ரஸரில் அழுத்தப்பட்ட காற்று சூடாகப் பைக்குள் செல்கிறது. அரை மணி நேரத்தில் அது வெளிவெப்பத்துக்குக் குளிர்ந்து சுருங்கும்போது பின்பக்கம் சற்றே இறங்கும். ஒரு தேநீர் அருந்திவிட்டு மீண்டும் பார்த்துத் திருத்துவதே முறை.

இரவில் நிகழ்வதும் இதுவே. அளவில் பெரியது, அவ்வளவுதான். ராயல் நட்டால் தேசியப் பூங்காவின் மஹாய் முகாம் போன்ற மலையடிவார இடங்களில் ஜூன், ஜூலை மாதங்களில் பகல் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். விடியற்காலையில் உறைநிலைக்குக் கீழே இறங்கும். 20 டிகிரியிலிருந்து மைனஸ் 2 டிகிரிக்கு வருவது என்பது, வெப்ப இயக்கவியல் கணக்கில், 293 கெல்வினிலிருந்து 271 கெல்வினுக்கு வருவது. அதாவது ஏழரை விழுக்காடு வீழ்ச்சி. முழு ஏர் சஸ்பென்ஷனில் பாரம் மாறாததால் பையின் அழுத்தம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். கொள்ளளவுதான் ஏழரை விழுக்காடு சுருங்கும். 200 மி.மீ. உயரமுள்ள பை சுமார் 15 மி.மீ. தாழ்ந்துவிடும். எங்களுடையதைப் போன்ற துணை வகையில் அழுத்தம் குறையும். விடுபட்ட பாரத்தை ஸ்பிரிங் பட்டை ஏற்றுக்கொள்ளும். ஆகையால் இறக்கம் குறைவு. இரண்டிலும் காற்று எங்கும் கசியவில்லை. இதை அறியாதவர்கள் குளிர்காலக் காலையில் அழுத்தமானியைப் பார்த்துவிட்டுப் பை ஓட்டை என்று பணிமனைக்கு ஓடுகிறார்கள்.

உண்மையான கசிவைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. அழுத்தமானியை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு பின் சக்கரத்திலும் அதன் நடுப்புள்ளியிலிருந்து மேலேயுள்ள வளைவின் விளிம்பு வரை நாடாவால் அளந்து, மாலையில் ஒருமுறை, விடியலில் ஒருமுறை, மறுநாள் அதே மாலை நேரத்தில் ஒருமுறை எழுதி வையுங்கள். இரு பக்கமும் சேர்ந்தே இறங்கி, வெயில் ஏறியதும் சேர்ந்தே பழைய உயரத்துக்கு வந்தால் அது வெப்பத்தின் விளையாட்டு. ஒரு பக்கம் மட்டும் இறங்கி, வெயிலிலும் திரும்பி வராவிட்டால் கசிவு. அப்போது பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கரைத்து, குழாய் செருகப்பட்டிருக்கும் ஒவ்வோர் இணைப்பிலும் தூரிகையால் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். என் அனுபவத்தில் கசிவு பையில் இருந்ததைவிட இணைப்புகளிலேயே அதிகம். நைலான் குழாயைச் சாய்வாக வெட்டிச் செருகியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் முழுதாகப் பிடிக்காது. கூர்மையான கத்தியால் நேராக வெட்டி மீண்டும் செருகினாலே பல கசிவுகள் நின்றுவிடும்.

கடல்மட்டத்திலிருந்து இடத்துக்கு உள்ள உயரமும் அழுத்தமானியைக் குழப்பும். கடல்மட்டத்தில் காற்று மண்டலத்தின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல்; ஜோகன்னஸ்பர்க்கில் சுமார் 83. அழுத்தமானி உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதால், டர்பனில் அடைத்த காற்று மேட்டுநிலத்தில் கிட்டத்தட்ட 0.2 பார் (1 பார் என்பது 100 கிலோபாஸ்கல்) வரை கூடுதலாகக் காட்டும். திரும்பி இறங்கும்போது அது குறையும்.

காற்றுப் பை வண்டியை உயர்த்துமே தவிர ஆட்டத்தை நிறுத்தாது. உள்ளே ஒருவர் நடந்தால் கட்டிலில் இருப்பவர் அசைவார். இதற்காகப் பின்மூலைகளில் இறக்கும் தாங்கிகள் இருக்கின்றன. காற்றும் தாங்கியும் சேரும் இடத்தில்தான் மிகக் கவனம் தேவை. மாலையில் காற்றால் உயர்த்திவிட்டு அந்த உயரத்தில் தாங்கிகளை இறுக்கினால், விடியலில் பை சுருங்கும்போது வண்டியின் பின்பாரம் தாங்கிகளின்மேல் வந்து அமரும். அவை ஆட்டத்தைத் தடுக்கச் செய்யப்பட்டவை. பாரம் சுமக்கச் செய்யப்பட்டவை அல்ல. கால் வளைவதும், அது பிடித்திருக்கும் சட்டம் நெளிவதும் இப்படித்தான். ஆகையால் நான் தங்கும் காலத்தைப் பார்த்து முடிவெடுக்கிறேன். ஓரிரவுதான் என்றால் கட்டையும் சிறிது காற்றும் போதும். தாங்கிகளை இறக்குவதே இல்லை. சில நாள்கள் தங்குவதானால், பைகளிலுள்ள காற்றைத் தயாரிப்பாளர் குறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கிவிட்டு, சமநிலை முழுவதையும் கட்டைகளாலேயே அமைத்து, அதற்குப் பிறகு தாங்கிகளை இறக்குகிறேன். சற்று அதிக உழைப்புதான். ஆனால் தாயார் நிம்மதியாக உறங்குகிறார், விடியலிலும் ரசமட்டத்தின் குமிழி நடுவிலேயே நிற்கிறது.

காற்றை முழுவதுமாக வெளியேற்றிவிடுவது பற்றியும் சொல்ல வேண்டும். பல துணை வகைப் பைகளுக்கு 0.5 பார் அளவிலேனும் காற்று எப்போதும் இருக்க வேண்டும் என்று குறிப்பிடுவார்கள். வெறுமையான பையின் ரப்பர் மடிந்து, தட்டுகளுக்கு இடையில் நசுங்கி, மடிப்பின் ஓரத்தில் வெடிப்பு விடும்.

முழு ஏர் சஸ்பென்ஷன் உள்ளவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. வண்டியைக் கட்டையிலோ ஜாக்கியிலோ ஏற்றியபின் தானியங்கி உயரக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால், யாரேனும் உள்ளே இடம்பெயரும்போதெல்லாம் கருவி அதைப் பாரமாற்றம் என்று எண்ணி வால்வைத் திறக்கும். கம்ப்ரஸரும் நள்ளிரவில் ஓடும். மின்கல இழப்பு ஒருமுறைக்குச் சிறியதுதான்: 20 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரஸர் இரண்டு நிமிடம் ஓடினால் முக்கால் ஆம்பியர்-மணிக்கும் குறைவு. ஆனால் சிறு கசிவு ஒன்று சேர்ந்து, இரவெல்லாம் விட்டுவிட்டு ஓடினால், காலையில் விளக்கெரிய மின்சாரம் மிஞ்சாது. பக்கத்து இடத்தில் உறங்குபவர்களின் நிலையையும் எண்ண வேண்டும்.

எவ்வகைச் சஸ்பென்ஷன் ஆயினும், காற்றால் மட்டும் உயர்த்தி நிற்கும் வண்டிக்கு அடியில் எவரும் புகக்கூடாது. இணைப்பு ஒன்று கழன்றால் அந்தப் பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும். ஜாக்கியும் ஏற்றுவதற்குத்தான், கீழே வேலை செய்ய வேண்டுமானால், சமமான உறுதியான தரையில் சேஸிஸுக்கு அடியில் இரும்பு நிலைத்தாங்கிகளை வைத்த பிறகே. கைதவறி உருண்ட பந்தை எடுக்கவும் பிள்ளைகளை அனுப்பக்கூடாது. இதில் எங்கள் வீட்டில் விலக்கே கிடையாது.

பை பொருத்தியதால் வண்டி அதிகப் பாரம் ஏற்றலாம் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. பின்பக்கம் தொய்யாமல் நிமிர்ந்து நிற்பதால் அப்படித் தோன்றுகிறது. அச்சும் டயரும் பிரேக்கும் பழையனவே. வண்டியின் சட்டப்படியான மொத்த எடை 3,500 கிலோ என்று தகட்டில் இருந்தால், காற்றுப் பை அதை ஒரு கிலோகூடக் கூட்டுவதில்லை. இந்நாட்டில் பி வகை உரிமம் செல்லும் எல்லையும் அந்த 3,500 கிலோதான். குடும்பத்தோடு, நிரம்பிய தொட்டியோடு, ஒருமுறை எடைமேடையில் ஏற்றி முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை பார்த்தால், எவ்வளவு காற்று வேண்டும் என்பதும் தெளிவாகும். பைகளில் மிகுந்த காற்றை அடைத்தால்தான் சமமாக நிற்கிறது என்றால், நீக்க வேண்டியது சாமான்களை.

மாதக்கணக்கில் வண்டியை வீட்டில் நிறுத்தி வைப்பதற்கு வேறு அளவுகோல் வேண்டும். டர்பனின் கோடைமழையில், முற்றிலும் சமமாக நிற்கும் கூரையில் நீர் தேங்கிச் சாளர ஓரங்களைத் தேடும். ஆகவே வீட்டு முற்றத்தில் மூக்கைச் சற்றே தாழ்த்தி, நீர் ஓடிவிடும்படி நிறுத்துகிறேன். குளிர்பதனப் பெட்டி அணைந்திருக்கும், பைகளில் குறைந்தபட்சக் காற்று இருக்கும். கடற்காற்றின் உப்பு கம்ப்ரஸரின் மின் இணைப்புகளை அரிக்கிறது. ஆகையால் கடற்கரையிலிருந்து திரும்பியதும் பைகளையும் அவற்றின் தட்டுகளையும் நன்னீரால் கழுவி, இணைப்புகளில் பாதுகாப்புத் திரவம் தெளிக்கிறேன். காற்றுத்தொட்டி உள்ள அமைப்புகளில் அடியில் இருக்கும் வடிகாலைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும். அந்த நீர்தான் மலைக்குளிரில் உறைந்து வால்வை அடைக்கிறது.

புறப்படும் நாளில் வரிசை தலைகீழாகிறது. முதலில் தாங்கிகள், பிறகு காற்று, அதன்பிறகு கட்டைகள். சமநிலைக்காக ஏற்றிய காற்றோடு அப்படியே சாலையில் இறங்குவது ஆபத்து. பின்பக்கம் அளவுக்கு மேல் உயர்ந்திருந்தால் முகப்பு விளக்கின் ஒளி அருகிலேயே விழும்; இரு பைகளிலும் அழுத்தம் வேறுபட்டிருந்தால் வளைவுகளில் வண்டி ஒரு பக்கம் அதிகம் சாயும். இவற்றைவிட முக்கியமானது பிரேக். பழைய டுகாட்டோ உள்ளிட்ட சில வண்டிகளில், பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியை வைத்துப் பின் பிரேக்குக்குச் செல்லும் அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒன்று உண்டு. காற்றால் உயர்ந்த வண்டியை அது காலி வண்டி என்று எடுத்துக்கொண்டு, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். என்3 நெடுஞ்சாலையின் வான் ரீனன் மலைக்கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கும்போது அந்தக் குறை தெரிய வரக்கூடாது. பை பொருத்தும்போதே இந்த வால்வைச் சரிசெய்தார்களா என்று பணிமனையில் கேட்டு, செய்ததை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடும்போது இருக்க வேண்டிய அழுத்தங்களைச் சிறு அட்டையில் எழுதி, அழுத்தமானிகளுக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறோம். சாவியைத் திருப்புவதற்கு முன் என் மனைவி அந்த இரண்டு எண்களையும் வாய்விட்டுப் படிக்கிறார், நான் முள்களைப் பார்த்துச் சரியென்கிறேன். அதன் பிறகுதான் வண்டி நகர்கிறது.